நைட் மெயிலிலிருந்து பிரேசில் வரை: ஒளிப்பதிவாளர் சிக் ஃபவுல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், இரவுத் தபால் ரயிலைப் பற்றிய நைட் மெயில் (1936) என்ற பிரிட்டிஷ் ஆவணப்படத்தில் ஓடும் ரயிலுக்குள் கடிதங்களைப் பிரிக்கிறார்களே, அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் எப்படி ஒளியமைத்தார்கள்?

பதில்: அந்த உட்புறக் காட்சி ஸ்டூடியோ செட்டில் எடுத்தது. அன்றைய பிலிமுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். ஓடும் பெட்டியில் அத்தனை விளக்கையும் ஒலிப்பதிவுக் கருவியையும் வைக்க முடியாது. செட் ஆடாதே! அதனால் ஊழியர்களை லேசாக அசைந்துகொண்டே வேலை செய்யச் சொன்னார்கள். தொங்கிய நூலையும் ஆட்டிவிட்டார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் ரயில் குலுங்குவதை நம் உடம்பு உணர்கிறது. ஃபவுலும் ஜோனா ஜோன்ஸும் சேர்ந்து செய்த ஒளிப்பதிவு அது.

கேள்வி: செட் போட்டு எடுத்தால் அது ஆவணப்படமா?

பதில்: என்னைக் கேட்டால், ஆம். நடித்தவர்கள் அசல் தபால் ஊழியர்கள். தினமும் இரவில் செய்த அதே வேலையைத்தான் கேமரா முன்னாலும் செய்தார்கள். ஓடும் ரயிலிலிருந்து தபால் பையை வெளியே விடும் காட்சியைக் கவனியுங்கள். இரண்டு பாலங்கள் தாண்ட வேண்டும், அப்புறம் தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டும் 45 தட்டல்களை எண்ண வேண்டும், அதற்குப் பிறகுதான் பையை விட வேண்டும். அந்தக் கணக்கைத் தொழில் தெரிந்தவர்தான் சொல்லித்தர முடியும். சுவர் மட்டுமே போலி.

கேள்வி: இலங்கையில் எடுத்த சாங் ஆஃப் சிலோன் படத்துக்கும் இவர்தான் கேமராவா?

பதில்: இல்லை. 1934-இல் வந்த அந்தப் படத்தில் இயக்குநர் பேசில் ரைட்டே கேமராவையும் கையாண்டார். பின்னணிக் குரல் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட். அடுத்து ஹாரி வாட்டுடன் சேர்ந்து நைட் மெயிலை இயக்கியவரும் இதே ரைட்தான்.

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஃபவுல் என்ன செய்தார்?

பதில்: நைட் மெயிலை எடுத்த பிரிட்டிஷ் தபால் துறையின் படப்பிரிவு 1940-இல் கிரவுன் ஃபிலிம் யூனிட் ஆனது. ஃபவுலும் அதில் தொடர்ந்தார். இயக்குநர் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸின் லிசன் டு பிரிட்டன் (1942) படத்தைத்தான் நான் அவருடைய உச்சம் என்பேன். குண்டுவீச்சுக்குப் பயந்து ஓவியங்களை அப்புறப்படுத்திவிட்ட லண்டன் நேஷனல் கேலரியில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மொசார்ட்டின் இசையை வாசிக்கிறார். அன்றைய ராணியும் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்கிறார். கேமரா யாரையும் தொந்தரவு செய்யாமல் முகம் முகமாகப் போகிறது. கேட்பவர்களின் முகத்திலேயே இசையைக் காட்ட முடியும் என்று நான் புரிந்துகொண்டது இங்கேதான்.

கேள்வி: பிரேசிலுக்கு ஏன் போனார், அண்ணா?

பதில்: அல்பெர்டோ கவல்காந்தி பிரேசில்காரர், லண்டனில் இதே தபால் துறைப் படப்பிரிவில் வேலை பார்த்தவர். 1949-இல் தொடங்கிய வேரா குரூஸ் ஸ்டூடியோவுக்காக அவர் ஊர் திரும்பியபோது பிரிட்டனிலிருந்து கலைஞர்களை அழைத்துக்கொண்டார். அப்படிப் போனவர் ஃபவுல். அங்கே அவர் ஒளிப்பதிவு செய்த, கொள்ளையர் கதையான ஓ கங்கசெய்ரோ (1953) பிரான்சின் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. ஸ்டூடியோ சீக்கிரமே நொடித்துப்போனது. ஃபவுல் அங்கேயே படம் எடுத்துக்கொண்டிருந்தார். 1962-இல் கான் விழாவின் உச்ச விருதான தங்கப்பனையை வென்ற ஓ பகடோர் டி ப்ரோமெசாஸ் படத்துக்கும் அவர்தான் கேமரா. சிலுவையைச் சுமந்து வருபவனைத் தேவாலயத்துக்குள் விட மறுக்கும் கதை. அந்தப் படிக்கட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் பழைய ஆவணப்படக் கண் தெரியும்.

கேள்வி: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

பதில்: லிசன் டு பிரிட்டன். சுமார் 20 நிமிடம்தான். படத்துக்குள் வர்ணனையே கிடையாது. முதலில் ஒலியை நிறுத்திவிட்டு ஃபவுலின் வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். அப்புறம் ஒலியோடு இன்னொரு முறை.