கதவு பூட்டியிருக்க, கிரீப்பர் உள்ளே வந்தது எப்படி?

கணினி விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

மைன்கிராஃப்டில் நான்கு பக்கமும் 5 பிளாக் உயரத்துக்குக் கல் மதில் எழுப்பி, இரும்புக் கதவும் வைத்திருக்கிறேன். ஆனாலும் சுரங்கம் தோண்டிவிட்டுத் திரும்பினால் படுக்கையறையில் கிரீப்பர் (நெருங்கி வந்து வெடிக்கும் அரக்கன்) நிற்கிறது. மதிலை இன்னும் உயர்த்த வேண்டுமா?
– பிளஸ் ஒன் மாணவர், பெரம்பூர்

மதிலில் கை வைக்காதீர்கள், தம்பி. அந்தக் கிரீப்பர் மதிலைத் தாண்டி வந்ததன்று. உங்கள் வீட்டுக்குள்ளேயே முளைத்தது. இந்த விளையாட்டில் அரக்கர்கள் எங்கோ ஒரு காட்டில் பிறந்து உங்கள் வாசலைத் தேடி நடந்து வருவதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் விளையாடுபவர் நிற்கும் இடத்திலிருந்து 24 பிளாக்குக்கு அப்பாலும் 128 பிளாக்குக்கு உள்ளும் இருட்டாக இருக்கும் எந்தத் தரையிலும் அவை முளைக்கக்கூடும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது வீடு அந்த 24 பிளாக் வட்டத்துக்குள் அடங்கிவிடுவதால் ஒன்றும் நேராது. சுரங்கத்தில் 40 பிளாக் ஆழத்துக்கு இறங்கியதும் உங்கள் படுக்கையறை அவை முளைக்கத் தகுந்த தொலைவுக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் இல்லாத நேரம் பார்த்து அது வந்தது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே உங்களுக்குத் தேவை வெளிச்சம். 2021 நவம்பரில் வெளியான 1.18 பதிப்புக்கு முன்பு, ஒளி அளவு 7 அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலே அரக்கர்கள் முளைத்துவிடும். அந்தக் காலத்துக் காணொளிகளைப் பார்த்துத்தான் இன்றும் பலர் கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கு போல வரிசையாக டார்ச் நட்டுவைக்கிறார்கள். இப்போது விளையாட்டின் வழக்கமான உலகில் விளக்கொளி அளவு 0 ஆக உள்ள இடத்தில் மட்டுமே அவை முளைக்கும். டார்ச்சின் ஒளி அளவு 14. ஒவ்வொரு பிளாக் தள்ளிப் போகும்போதும் அது ஒன்று குறையும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒளி குறுக்காகப் பாய்வதில்லை. கிழக்கே 7, வடக்கே 7 என்று தள்ளியிருக்கும் மூலைக்கு அது 14 பிளாக் நடந்துதான் போக வேண்டும் என்பதால், அந்த மூலையில் மிஞ்சுவது பூச்சியம். நேர்க்கோட்டில் பார்த்துவிட்டு வெளிச்சம் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இத்தகைய மூலைகளில்தான். சமதரையில் நெடுக்கும் குறுக்குமாக 12 பிளாக்குக்கு ஒரு டார்ச் வைத்தால் எந்த மூலையும் விடுபடாது.

பிறகு மொட்டை மாடி. சென்னையில் வளர்ந்தவர்கள் வீடு கட்டினால், விளையாட்டிலும் தட்டையான மொட்டை மாடிதான் வைக்கிறோம். இரவில் அதுவும் திறந்த இருட்டுத் தரை என்பது நினைவுக்கு வருவதில்லை. அங்கேயும் டார்ச் வைக்க வேண்டும். அழகு கெடும் என்று தோன்றினால் தளத்தை அரை உயர ஸ்லாப்பாலோ கண்ணாடியாலோ போட்டுவிடுங்கள், அவற்றின் மீது எதுவும் முளைக்காது. படிக்கட்டுக்கு அடியில் உள்ள பொந்தையும் பரண் போன்ற இடைவெளிகளையும் பார்த்துவிடுங்கள். ஜாவா பதிப்பில் எஃப் 3 விசையை அழுத்தினால் நிற்கும் இடத்தின் ஒளி அளவு திரையில் தெரியும் என்பதால், ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெளிச்சம் எல்லாம் சரியாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் சிலந்தியையும் கிரீப்பரையும் தடுப்பது எப்படி? ஒருமுறை வாசல் சுவரே போய்விட்டது.
– கல்லூரி மாணவி, வேளச்சேரி

சிலந்திக்கு மதிலின் உயரம் ஒரு பொருட்டே அன்று. 50 பிளாக் எழுப்பினாலும் ஏறிவிடும். மதிலின் உச்சியில் வெளிப்பக்கமாக ஒரே ஒரு பிளாக் நீட்டி, நம் ஊர்ச் சன்னல்களின் மேலே இருக்கும் சன்ஷேடு போலச் சுற்றிலும் கட்டிவிடுங்கள். அதன் அடிப்பகுதியைத் தாண்டி அதனால் ஏற முடியாது.

கிரீப்பர் வேறு வகை. ஜோம்பியும் எலும்புக்கூடும் வெயில் பட்டால் எரிந்துபோகும், கிரீப்பர் எரியாது. ஆகவே விடிந்துவிட்டது என்று நம்பிக் கதவைத் திறக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான வாசல்கள் தகர்கின்றன. என் முதல் வீட்டின் முன்பக்கம் போனதும் அப்படித்தான்; பெட்டியில் வைத்திருந்த வைரங்கள் பள்ளத்தில் சிதறிக் கிடந்தன. அது உங்களை நெருங்கி நின்ற பிறகு வெடிப்பதற்கு ஒன்றரை வினாடிதான் ஆகும் என்பதால், கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்து, பார்த்துவிட்டுத் திறப்பது நல்லது. பூனையைக் கண்டால் கிரீப்பர் விலகி ஓடும். வாசலில் ஒரு பூனையைப் பழக்கி உட்கார வைப்பது மதிலை விட மலிவான காவல். தண்ணீருக்குள் நின்று வெடித்தால் அதனால் பிளாக்குகள் உடைவதில்லை. ஆகவே மதிலைச் சுற்றி நீர் நிறைந்த அகழி வெட்டினால், அதில் விழுந்து வெடிக்கும் கிரீப்பரால் உங்களுக்குக் காயம் படலாமே தவிர, சுவருக்கு ஆபத்தில்லை. வெடிப்புக்கும் உடையாத அப்சிடியன் கல்லால் சுவர் கட்டினால் அசையாதுதான்; ஆனால் அவ்வளவு அப்சிடியன் தோண்டி முடிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

வால்ஹைம் விளையாட்டில் மரத்தால் கோட்டை கட்டியிருக்கிறேன். டிரோல் என்னும் பேருருவ அரக்கன் வந்தால் ஐந்து நிமிடத்தில் பாதி வீடு தரைமட்டமாகிறது. கல்லால் கட்டும் வசதி கிடைக்கும் வரை என்ன செய்வது?
– தகவல் தொழில்நுட்ப ஊழியர், தாம்பரம்

கல் சுவருக்காகக் காத்திருக்க வேண்டாம், மண்ணே போதும். இந்த விளையாட்டில் அரக்கர்கள் நீங்கள் கட்டியதை உடைக்கும், தரையை உடைப்பதில்லை. வீட்டைச் சுற்றிக் குந்தாலி மண்வெட்டிகளோடு ஒரு மாலை செலவிட்டு ஆழமான பள்ளம் வெட்டினால் அதை டிரோலால் கடக்க முடியாது; தோண்டிய கல்லைக் கொண்டே உட்பக்கம் கரையையும் உயர்த்திக்கொள்ளலாம். இதில் நம் முன்னோர் அறிந்திராதது எதுவும் இல்லை. அகழிக்குப் பின்னால் மதில் என்பது பழைய ஒழுங்குதான்.

இதைவிடப் பலர் கவனிக்காத ஒன்று, வீட்டருகே நிற்கும் மரங்கள். டிரோல் வீசும் அடியில் மரம் சாய்ந்து, அந்த மரம் கூரையின் மேல் விழுந்துதான் பாதிச் சேதம் ஏற்படுகிறது. மரங்களை வெட்டி வெட்டவெளியாக்கினால் சேதமும் குறையும், வருபவன் யார் என்பதும் முன்னதாகவே தெரியும். ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1746 இல் கைப்பற்றி 1749 இல் திருப்பித் தந்த பிறகு, கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தை ஆங்கிலேயர் விட்டுவைக்காததற்கு இதே கணக்குதான் காரணம். பகைவன் மறைந்துவர இடம் கொடுக்காத அந்த வெளியில்தான் பிற்காலத்தில் உயர்நீதிமன்றம் எழுந்தது. அங்கே வாழ்ந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது வேறு. விளையாட்டில் நாம் வெட்டுவது மரங்களை மட்டுமே.

மேலும் இரண்டு செய்திகள். ஒர்க்பெஞ்ச் என்னும் வேலை மேசை ஒன்றைச் சுற்றி 20 மீட்டருக்குள் சாதாரண அரக்கர்கள் முளைப்பதில்லை. ஆகவே முற்றத்தின் ஓரங்களில் சிலவற்றை வைத்துவிடுங்கள். படையெடுப்பாக வருபவற்றை மட்டும் இது தடுக்காது. கூரை இல்லாத மரச்சுவர் மழையில் நனைந்து நனைந்து பாதி வலிமைக்கு இறங்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். ஐப்பசி மழையில் நம் வீட்டு மரக்கதவு படும் பாடுதான். சுத்தியலோடு ஒரு சுற்று வந்தால் செலவின்றிப் பழுது பார்க்கலாம். பிற்பாடு பறந்து வரும் டிரேக்குகளுக்கு அகழி உதவாது; அதற்குள் வில்லில் கைதேர்ந்திருப்பீர்கள்.

செவன் டேஸ் டு டை விளையாட்டில் வீட்டை எல்லாப் பக்கமும் காங்கிரீட்டால் மூடிவிட்டேன். அப்படியும் ஏழாம் நாள் இரவில் கூட்டமாக வரும் ஜோம்பிகள் உடைத்துவிடுகின்றனவே?
– வாசகர், ராயபுரம்

எல்லாப் பக்கமும் மூடியதுதான் தவறு. இந்த ஜோம்பிகள் உங்களை அடைய எது எளிய வழி என்று கணக்குப் போட்டு வருபவை. வழியே இல்லை என்றால் எது மெலிந்த சுவரோ அதை உடைக்கும், அது எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு வாசலை வேண்டுமென்றே திறந்துவைத்து, அதற்குப் போகும் நடையைக் குறுகலாக்கி, அந்த முனையில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். விளையாட்டுக் கடிகாரத்தில் இரவு 10 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை ஒரே திசையைப் பார்த்து நின்றால் போதும்.

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். "பாதியில் எழுந்தால் வீட்டை உடைத்துவிடுவார்கள் அம்மா" என்று மைன்கிராஃப்டை விட்டு எழ மறுக்கிறான். இது உண்மையா?
– இல்லத்தரசி, மயிலாப்பூர்

அவன் தனியாக ஆடுகிறான் என்றால் உண்மையில்லை, அம்மா. விளையாட்டை மூடியதும் அந்த உலகம் அப்படியே நின்றுவிடும். மறுநாள் திறக்கும்போது விட்ட இடத்திலிருந்துதான் தொடரும். நண்பர்களோடு ஒரே சர்வரில் ஆடினால் மட்டும் உலகம் தொடர்ந்து ஓடும். அப்போதும் அவன் உள்ளே இல்லாதவரை, அவன் வீட்டருகே வேறு யாரும் இல்லையென்றால், அங்கே எதுவும் முளைக்காது. இன்னொன்றையும் அவனிடம் கேட்டுப் பாருங்கள். அந்த விளையாட்டிலேயே 3 நாள் படுத்து உறங்காமல் இருந்தால், ஃபேன்டம் என்ற பறக்கும் பேய் வானத்திலிருந்து இறங்கித் தாக்கும். அவனுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கும்.