கயிறும் தூளியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் ‘முளைக்குச்சி’ கதையை என் மகளின் கல்லூரி நோட்டின் வழியாகத்தான் அறிந்தேன். ஒரே வீட்டின் நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் ஓரகத்திகள் இருவரின் கதை அது. மூத்தவள் மாதம்மாள் விடிவதற்கு முன்பே பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பறிக்கப் போகிறவள். போகும்போது இரண்டு வயது மகனின் இடுப்பில் கயிறு கட்டி, ஆட்டுக்கு அடித்த முளைக்குச்சியில் பிணைத்துவிட்டுப் போகிறாள். இளையவள் முனியம்மாள், இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு பெற்ற மகளை நான்கு வயதுவரை தூளியை விட்டு இறக்குவதில்லை. கடைசியில் மகன் ஓசூருக்கு வேலைக்குப் போய் ஊர்ப்பக்கம் வராமல் இருந்துவிடுகிறான். மகள் தாயோடு இருக்கிறாள்.

‘கயிறு அடக்குமுறையின் குறியீடு, தூளி அரவணைப்பின் குறியீடு’ என்று வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் அம்மாவும் என்னைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் களையெடுக்கப் போனார். அப்பா இல்லை, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. நானும் ஷிப்ட் வேலைக்குப் போன காலத்தில் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் போனேன். மகன் திரும்பி வராதது மாதம்மாளுக்கு நீங்கள் கொடுத்த தண்டனையா? பொறுமையான அம்மா என்றால் விளக்கு, பால், ஆலமரம். கண்டிப்பான அம்மா என்றால் முள்ளும் வற்றிய கிணறும் என்று நம் கதைக்காரர்கள் ஏன் பங்கு பிரித்து வைத்திருக்கிறீர்கள்? நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஊத்தங்கரை

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கோபம் நியாயமானது. நோட்டில் எழுதப்பட்ட அந்த இரண்டு வரிகளும் கதையில் இல்லை. எழுதியவன் சொல்கிறான் என்பதற்காக அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை என்பதால், கதைக்குள்ளேயே இருப்பதை எடுத்துக்காட்டுகிறேன்.

மாதம்மாள் கயிற்றை அளக்கும் பத்தியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கயிறு தண்ணீர்க் குடம்வரை எட்ட வேண்டும், அடுப்படியின் வாசற்படிவரை எட்டக் கூடாது. காலையில் புங்கமரத்தின் நிழல் மேற்கே விழும், உச்சி சாய்ந்தபின் கிழக்கே போகும் என்பதால், பிள்ளை இரண்டு பக்கமும் நிழலோடு நகர்ந்துகொள்ளும்படி முளையைப் பிடுங்கி மரத்துக்கு வடக்கே அடிக்கிறாள். கயிறு தோலில் உரசாமல் இடுப்பில் பழைய சேலைத் துண்டைச் சுற்றி, அதன்மேல், பிள்ளையின் விரல் எட்டாத முதுகுப் பக்கமாக முடிச்சைப் போடுகிறாள். அடுப்பு, தண்ணீர், வெயில், பிள்ளையின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் வைத்திருக்கும் ஒருத்தியை ‘அடக்குமுறை’ என்று எழுதி முடித்துவிடலாம் என்றால், அந்தப் பத்தியை நான் எழுதியிருக்கவே வேண்டியதில்லை. தூளியும் உத்திரத்தில் கயிற்றால்தான் தொங்குகிறது. அந்தக் கயிற்றைத் தன்னிடம் இருந்ததிலிருந்து வெட்டி ஓரகத்திக்குக் கொடுப்பவளும் மாதம்மாள்தான்.

நம் கதைக்காரர்கள் ஏன் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள் என்ற உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புனைவில் தாய்க்கான குறியீட்டைப் பெரும்பாலும் பிள்ளைதான் தேர்ந்தெடுக்கிறது. வளர்ந்த மகன் ஒருவன் நினைவுகூர்கிறான். தனக்குக் கிடைத்ததற்கு விளக்கையும் பாலையும் வைக்கிறான், கிடைக்காததற்குக் கிணற்றை வற்றச் செய்கிறான். அது அவனுடைய வரவு செலவுக் கணக்கு. அதில் தாயைத் தேடிப் பயனில்லை. தாயின் கை எந்தப் பொருளில் பட்டிருக்கிறதோ அந்தப் பொருளிலிருந்து குறியீடு எழும்போது, நல்ல அம்மா, கெட்ட அம்மா என்ற பிரிவினை தானாகவே நிற்காமல் போகிறது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதை இதில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பிள்ளையைக் கயிற்றால் கட்டிய தாய்களில் நாம் கும்பிடும் தாய் ஒருத்தி உண்டு. வெண்ணெய் திருடிய கண்ணனை உரலோடு பிணைக்க யசோதை கயிறு எடுக்கிறாள். எத்தனை கயிற்றை முடிந்தாலும் இரண்டு விரற்கடை குறைந்துகொண்டே வருகிறது என்கிறது பாகவதம். அவள் களைத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் பிள்ளை கட்டுப்படுகிறது. மதுரகவி ஆழ்வார் தம் ஆசானைப் பாட வந்தபோது, அந்த முடிச்சிட்ட சிறு தாம்பிலிருந்துதான் தொடங்குகிறார். அந்தக் கயிற்றை அடக்குமுறை என்று வாசித்தவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

இதே கயிறு இன்னொரு தாயின் வாயில் வருகிறது. பெரியாழ்வார் யசோதையாகித் தொட்டில் ஆட்டி, நீராட்டி, காது குத்தி, காப்பிட்டுப் பாடினார் என்றால், குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் தேவகியாகிப் பாடினார். பெற்ற இரவிலேயே பிள்ளையைப் பிரிந்தவள் தாலாட்டுகிறாள். முன்னால் தொட்டில் இல்லை, பிள்ளையும் இல்லை. தன்னைத் ‘தாயரில் கடையாயின தாய்’ என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். எட்டாம் பாட்டில் அவள் ஏங்குவது எதற்கு என்று பாருங்கள். வெண்ணெய் அளைந்த சின்னக் கை, தாம்பைக் கண்டு அடிக்கப்போகிறாள் என்று ஒடுங்கும் நிலை, தயிர் தோய்ந்த வாய், அழுகை, அஞ்சிப் பார்க்கும் பார்வை, வாய் நெளிப்பு, கும்பிடு. இவற்றைக் கண்ட யசோதை இன்பத்தின் எல்லையையே கண்டுவிட்டாள் என்கிறாள். பிள்ளையைக் கயிற்றால் மிரட்டும் வாய்ப்புக்கூடத் தனக்கு வாய்க்கவில்லையே என்று ஒரு தாய் ஏங்குகிறாள்! வளர்த்தவளுக்கு அன்றாட வேலையாக இருந்த கயிறு பெற்றவளுக்குக் கிட்டாத செல்வமாகிறது. இருவரில் யார் உயர்ந்தவர் என்ற கேள்வியைப் பாட்டு எழுப்புவதே இல்லை. தமிழில் இரண்டு தாய்மைகளை ஒரே பொருளில் இவ்வளவு நெருக்கமாக வைத்துக் காட்டிய இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

கண்டிப்பையும் ஊட்டலையும் இரண்டு பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பிற்காலப் பழக்கம் என்றே நினைக்கிறேன். நற்றிணை 110-ஆம் பாட்டில் போதனார் காட்டும் நரைத்த கூந்தல் செவிலியரின் ஒரு கையில் தேன் கலந்த பாலும், மற்றொரு கையில் பூந்தலைச் சிறுகோலும் இருக்கின்றன. கோலை ஓங்கியபடியே ‘உண்’ என்கிறார்கள். சிறுமி பந்தலுக்கு ஓடிவிடுகிறாள், கிழவிகள் மூச்சு வாங்குகிறார்கள். பால் எது, கோல் எது என்று பிரித்துக் குறிப்பெடுக்க அங்கே இடமே இல்லை.

நவீனக் கதையில் என்றால் ஜெயகாந்தனைத்தான் சொல்ல வேண்டும். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டுகிறாள். அதை நெருப்பு என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள். விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறாள். 1970-இல் வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே நிகழ்ச்சி, ஆனால் தாய் வேறு. அவள் அலறி ஊரைக் கூட்டிவிடுகிறாள், மகள் அண்ணனால் துரத்தப்படுகிறாள். முதல் தாய் தண்ணீரை எடுத்தாள், இரண்டாமவளுக்குக் கையில் எடுக்க எதுவும் அகப்படவில்லை, குரல்தான் முந்திக்கொண்டது. குளியலறைத் தண்ணீர் ஒன்றை வைத்து ஒரு வாழ்க்கை இரண்டாகப் பிரிவதை அவர் காட்டிவிட்டார். இரண்டாமவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஒதுக்கவும் முடியவில்லை. பின்னாளில் அந்த மகளோடு ஒரே வீட்டில் வாழ்பவள் அவள்தான். முதல் தாயைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல தாயின் கதையாகவே நின்றிருக்கும்.

தூளிக்கு வருகிறேன். தூளி என்றால் அரவணைப்பு என்று வேறு ஊர்க்காரர் எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம், நம் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படி எழுதக் கூடாது. 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. அப்போது உங்கள் ஊத்தங்கரையும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். பெண் சிசுவைக் கொல்ல வேண்டாம், அரசு வைத்திருக்கும் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்ட திட்டம் அது. கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் எதற்குப் பயன்பட்டன என்று அறிந்த ஊர்களில், பாலும் தொட்டிலும் கதைக்குள் வரும்போது அந்த நினைவையும் கூட்டிக்கொண்டுதான் வருகின்றன. அரசுத் தொட்டிலில் பிள்ளையை வைத்துவிட்டுப் போனவளின் தாய்மையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அவளும் பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதானே வைத்துவிட்டுப் போனாள்.

முனியம்மாளின் முதல் இரண்டு குழந்தைகளும் எப்படி இறந்தன என்று கதை சொல்வதில்லை. இரண்டும் பெண் குழந்தைகள் என்பது மட்டும், மாமியார் பேசும் ஒரு வரியில் வருகிறது. மூன்றாவதும் பெண். அவளைத் தூளியை விட்டு இறக்காமல், வெளியே போகும்போது தூளியோடு அவிழ்த்து முதுகில் கட்டிக்கொண்டு போகிறாள் என்றால், யாருடைய கைக்கு எட்டாமல் அவளை வைத்திருக்கிறாள் என்பதை வாசகர் யோசிப்பார் என்று நம்பினேன். நான்கு வயதுப் பெண்ணின் கால்கள் துணிக்கு வெளியே தொங்குவதையும் எழுதியிருக்கிறேன். காவலாகத் தொடங்கிய தூளி, காவல் தேவைப்படாத காலத்திலும் அவிழாமல் இருக்கிறது. மகள் தாயோடு இருக்கிறாள் என்பதைப் பரிசாக வாசிப்பவர்கள் அந்தத் தொங்கும் கால்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

மகன் திரும்பாதது தண்டனையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கயிறு எட்டும் கடைசி இடம்வரை தினமும் நடந்து பழகிய பிள்ளை, கயிறு இல்லாதபோது இன்னும் கொஞ்சம் தூரம் போகிறான்; யசோதை கட்டிய பிள்ளை உரலையும் இழுத்துக்கொண்டு போய் மருத மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். அவன் மாதாமாதம் பணம் அனுப்புவதை நோட்டில் எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். ‘உன் மகன் எங்கே’ என்று ஊரில் கேட்கும்போது மாதம்மாள் ‘எங்கியோ வேலை செய்யறான்’ என்று சொல்லிவிட்டுத் தக்காளிக் கூடையைத் தூக்குகிறாளே, அதை எழுதும்போது என் மனத்தில் புறநானூற்றின் 86-ஆம் பாட்டு இருந்தது. காவற்பெண்டு பாடியது. வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு மகன் எங்கே என்று கேட்பவளிடம், ‘எங்கே இருக்கிறான் என்று தெரியாது, புலி தங்கிவிட்டுப் போன கற்குகை போல அவனைப் பெற்ற வயிறு இதுதான், அவன் போர்க்களத்தில் இருப்பான்’ என்கிறாள் அந்தத் தாய். குகை புலியைத் தேடிக்கொண்டு போவதில்லை.

இதை 278-ஆம் பாட்டோடு சேர்த்து ‘வீரத்தாய்’ என்று ஒரே தலைப்பில் பாடம் நடத்துவது வழக்கம். நச்செள்ளையார் பாடிய அந்தக் கிழத்தாய் வேறு மாதிரி. மகன் புறமுதுகு காட்டினான் என்று கேட்டதும், அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளை எடுத்துக்கொண்டு களத்துக்கே போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். ஒருத்தி விட்டுவிட்டவள், மற்றவள் சாவிலும் கணக்குப் பார்க்கிறவள். குகையையும் வாளையும் மாற்றி வைத்தால் இரண்டு பாட்டும் கெட்டுவிடும். தருமபுரியைச் சுற்றி ஊருக்கு ஊர் நடுகற்கள் இருக்கின்றன. நான் பார்த்தவற்றில் வீரன் இருக்கிறான், ஆநிரை இருக்கிறது, சிலவற்றில் மனைவியும் இருக்கிறாள். தாய் இருக்கும் கல்லை நான் பார்த்ததில்லை.

மகளின் தேர்வுக்கு எதை எழுதுவது என்பதுதான் உடனடிச் சிக்கலாக இருக்கும். நோட்டில் உள்ளதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், அதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். உங்கள் அம்மா உங்களைக் கட்டிய கயிறு எவ்வளவு நீளம் இருந்தது, எங்கே கட்டினார் என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். பிறகும் அவள் கயிறு அடக்குமுறைதான் என்று எழுதினால், அது அவளே யோசித்து எழுதியதாக இருக்கும். அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்.