எதற்கும் ஒரு ஸ்கேன்

கேள்வி: அறுபத்திரண்டு வயதாகும் என் தாயாருக்கு மூன்று வாரமாக முதுகுவலி. தனியார் மருத்துவர் ஒருவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “எதற்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துவிடலாம், காப்புறுதிதான் இருக்கிறதே” என்றார். இது நோய்க்காகச் செய்யும் பரிசோதனையா, வழக்குக்குப் பயந்து செய்யும் பரிசோதனையா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அந்த மருத்துவரின் மனத்தில் இருந்தது அச்சமா, அக்கறையா, வருமானமா என்பதை அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம். வழக்குக்குப் பயந்து செய்யப்படும் ‘தற்காப்பு மருத்துவத்தின்’ செலவைக் கணக்கிடுவது கடினமாக இருப்பதற்கும் இதுவே காரணம். அமெரிக்காவில் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2008ஆம் ஆண்டு விலைவாசிப்படி அச்செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 45.6 பில்லியன் டாலர் என்று மதிப்பிட்டது.

ஆனால் கட்டணச் சீட்டோடு செலவு முடிவதில்லை. வலியே இல்லாத அறுபது வயதினரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலோருக்கு முதுகெலும்பு வட்டுகளில் தேய்மானம் தென்படும். உங்கள் தாயாரின் அறிக்கையிலும் அந்தச் சொல் இருந்துவிட்டால், அதைக் கையில் வைத்துக்கொண்டு நிபுணரிடம் ஓடி, ஊசி, மறு ஸ்கேன் என்று அலைந்து, தானாக ஆறக்கூடிய வலிக்காக அவர் பல மாதம் குனியவே அஞ்சி வாழ நேரிடும். ‘காப்புறுதி இருக்கிறதே’ என்ற பேச்சும் சரியன்று. எல்லாரும் அப்படி எண்ணினால் அடுத்த ஆண்டுச் சந்தாவில் அது நம்மிடமே திரும்பி வரும்.

அதற்காக மருத்துவர்களின் அச்சம் வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். 2019 ஜனவரியில், மணிக்கட்டில் போட்ட சாதாரண ஸ்டீராய்டு ஊசியின் பக்கவிளைவுகளை முன்கூட்டி விளக்கவில்லை என்பதற்காக ஓர் எலும்பு மருத்துவருக்கு இங்கே சிங்கப்பூரில் 1,00,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது என்றாலும், இடைப்பட்ட மாதங்களில் அந்த ஊசியைப் போடவே தயங்கி, நோயாளிகளை நிபுணர்களிடம் அனுப்பிவைத்த மருத்துவர்கள் உண்டு. கூடுதல் பரிசோதனை மட்டுமன்று, செய்யக்கூடிய எளிய சிகிச்சையைத் தட்டிக்கழிப்பதும் தற்காப்பு மருத்துவந்தான்; என் பார்வையில் இரண்டாவதே நோயாளியை அதிகம் வருத்துவது. பின்னர் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஜூலை 1 முதல், மருத்துவர் தந்த ஆலோசனை போதுமானதா என்பது சக மருத்துவர்கள் ஏற்கும் நெறியைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. நோயாளிக்கு முக்கியமான தகவல்களைத் தரவேண்டும் என்பதையும் அந்நெறி உள்ளடக்க வேண்டும்.

ஆகவே மருத்துவரிடம் சண்டை வேண்டாம். “டாக்டர், இந்த ஸ்கேனில் என்ன தெரிந்தால் நீங்கள் சிகிச்சையை மாற்றுவீர்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் எடுங்கள். வராவிட்டால், சில வாரம் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆனால் தாயாருக்குக் கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போதல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், அண்மையில் கீழே விழுந்தது, முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பொறுத்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. உடனே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். காலோ சிறுநீரோ கட்டுப்பாட்டை இழந்தால் நேரே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.