மினியேச்சர் எனப்படும் சிறு படைவீரர் பொம்மைகள் வாங்க வசதியில்லை. கையில் கிடைத்ததை வைத்து மேசைப் போர் விளையாட்டு ஆடினால் அது முறையான ஆட்டமாகுமா?

ஆகும். ஆனால் எதிரே அமர்ந்திருப்பவருக்கு உங்கள் காய் எதுவென்று பார்த்தவுடன் விளங்க வேண்டும். ஒரு நண்பரின் ஆட்டத்தைக் கெடுத்த பிறகுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பொம்மைப் படையை வரவழைக்க ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த நிலையில்தான் 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ்' என்ற பழங்காலப் போர் விளையாட்டை ஆடத் தொடங்கினேன். 1990-இல் வெளிவந்த அந்த விதிகளின்படி ஒரு படைக்குப் 12 பிரிவுகள் போதும். கல்யாணப் பத்திரிகை அட்டையை 40 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி, 'வி', 'யா', 'கு' என்று பென்சிலால் எழுதிக்கொண்டு போனேன். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாதி ஆட்டத்தில் நண்பர், வில்லாளர்கள் என்று எண்ணி என் யானைகள் மீது தம் கனரகக் குதிரைப்படையை ஏவினார். அந்த விதிகளில் யானையிடம் தோற்கும் அத்தகைய குதிரைப்படை பின்வாங்குவதில்லை, அழிந்தே போகும். நான்கு பிரிவுகளை இழந்தால் தோல்வியை நெருங்கிவிடும் ஆட்டத்தில் அவர் இரண்டை அப்படி இழந்தார். அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

அருகில் நின்ற மூத்த ஆட்டக்காரர் ஒருவர், பொம்மையில்லாமல் ஆடுவது விளையாட்டே அல்ல என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் பொம்மைகளே கிடையாது. 1:8000 அளவிலான வரைபடத்தின் மீது சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளை நகர்த்தியே அதிகாரிகள் பயிற்சி பெற்றார்கள். உண்மையான படைப்பிரிவு களத்தில் அடைக்கும் இடத்துக்கு ஏற்ப அந்தக் கட்டைகளின் அளவு அமைந்திருந்தது. அதனால்தான் காயின் உருவத்தைவிட அது நிற்கும் அடித்தட்டின் அளவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்த வாரமே படையைப் புதிதாகச் செய்தேன். தாயம் ஆட வளையல் துண்டும் புளியங்கொட்டையும் எடுக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. வளைந்த வளையல் துண்டுகள் வில்லாளர்களாயின, நிறுத்தி ஒட்டிய தீக்குச்சிகள் ஈட்டி வீரர்களாயின, சோழிகள் குதிரைகளாயின, சாம்பல் நிறக் கழற்சிக்காய்கள் யானைகளாயின. ஈட்டி வீரர்களுக்கு 15 மி.மீ., யானைகளுக்கு 40 மி.மீ. என்று அடித்தட்டின் ஆழத்தை, அதாவது முன்னிருந்து பின்வரையுள்ள நீளத்தை, விதிப்படியே வெட்டினேன். அதன் பின் எந்தக் காய் எது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

பல மாதங்கள் உழைத்து வண்ணம் தீட்டுபவர்களின் கலையை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம்; போட்டி நடத்துபவர்கள் வண்ணம் தீட்டிய படைதான் வேண்டுமென்றால் அது அவர்கள் உரிமை. வார்ஹாமர் 40,000 என்ற எதிர்காலப் போர் விளையாட்டைப் போன்ற ஆட்டங்களில், பொம்மை நிற்கும் இடத்திலிருந்து எதிரி கண்ணுக்குத் தெரிகிறாரா என்று பார்த்தே சுடுவதை முடிவு செய்வதால் உயரமும் முக்கியம்; அங்கே தட்டையான அட்டை போதாது, அதே உயரத்தில் ஒரு கட்டையாவது வேண்டும்.

ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு காயையும் எதிராளிக்குக் காட்டிச் சொல்லிவிடுங்கள்; நடுவில் மாற்றாதீர்கள். மின்விசிறிக் காற்றில் அட்டை நகர்ந்துவிடும் என்பதால் அடியில் ஒரு சிறிய இரும்பு வாஷரை ஒட்டிக்கொள்ளுங்கள்.