தகரமா, பட்டியா? காந்தம் சொல்லிவிடும்
பழைய கார் கேள்வி – பதில்

அப்பா ஓட்டிய 1978 பிரீமியர் பத்மினி ஒன்பது வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். சாவியைத் திருப்பலாமா?
– வாசகர், ஆற்காடு

பேட்டரியை ஓரமாக வையுங்கள். இத்தனை வருஷம் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட்டரால் சுற்றினால் ரிங் உடையும். தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு டீஸ்பூன் என்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு என்ஜின் முன்பக்கம் இருக்கும் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகினால் பலம் காட்டாமல் இன்னும் இரண்டு நாள் ஊறவிடுங்கள். சுற்ற ஆரம்பித்ததும் என்ஜினின் மேல் மூடியான ராக்கர் கவரைத் திறந்து எட்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு வால்வு ஒட்டியிருந்தாலும் அதைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு வளைந்துவிடும்.

அடுத்து பழைய ஆயிலை வடித்து, 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். பேட்டரிக்கு இப்போதுதான் வேலை. பிளக் இல்லாமலே, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டர் போடுங்கள். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் வார்னிஷ் போலப் பிசுபிசுப்பாகியிருக்கும்; அதை கார்புரேட்டருக்குள் விடாமல், தனி கேனிலிருந்து தற்காலிகமாக டியூப் கொடுங்கள்.

என்ஜின் ஓடிவிட்டது என்பதற்காகத் தெருவுக்கு எடுக்காதீர்கள். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும். வீல் சிலிண்டர்கள் உள்ளே துருவேறி இறுகியிருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். அப்போது பெடலை விட்டாலும் பிரேக் விடாது, டிரம் சூடேறிவிடும். ஹோஸ், சிலிண்டர் கிட், ஃப்ளூயிட் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். டயரின் பட்டன் தேயாமல் இருந்தாலும் ஒன்பது வருஷ ரப்பரை நம்ப வேண்டாம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று இரண்டு லட்சத்துக்கு வருகிறது. வேலைக்கு மூன்று லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். போதுமா?
– வாசகர், குடியாத்தம்

அது காரின் அடிப்பகுதியைப் பொறுத்தது. நம் சென்னையில் 1961 முதல் 1971 வரை தயாரான இந்தக் காருக்குச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. பெயின்ட்டைப் பார்க்காமல் கீழே படுத்துப் பாருங்கள். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் அரிக்கும். கதவுக்கும் பாடிக்கும் இடையே உள்ள இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் கீழே ஏதோ தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடி, ஃப்ளோர், டிக்கி ஓரம் எல்லாம் ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது தகரமல்ல, ஓட்டையையும் நெளிவையும் மறைக்கப் பூசிய பட்டி.

முன் சக்கரம் திரும்பும் மூட்டில் ட்ரனியன் என்ற பாகம் இருக்கிறது. அதற்கு கிரீஸ் அல்ல, ஈபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் இறுகி, ஆயில் இறங்காமல் அரித்து, ஒருநாள் முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். அசைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மூன்று லட்சத்தில் பாதியை டிங்கர், வெல்டிங், பெயின்ட்டுக்கு எழுதிவிடுங்கள். என்ஜின், பிரேக், சஸ்பென்ஷனுக்கு 90,000. மீதி 60,000-ஐத் தொடவே கூடாது. பிரித்த பிறகு தெரியவரும் துருவுக்கு அது. ஓட்டை விழுந்த ஃப்ளோருக்கு 18 அல்லது 20 கேஜ் சிஆர் ஷீட் என்ற இரும்புத் தகடு வெட்டி, மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு நெளியும். நெளிவை மறைக்கப் பட்டி ஏறும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மாதக்கணக்கில் நிறுத்தினால் அது ஈரத்தைத் தடுக்காது. எபாக்ஸி பிரைமர் கேளுங்கள்.

உடைந்த பாகத்தைவிட இல்லாத பாகத்துக்குத்தான் செலவு அதிகம். கண்ணாடி, பீடிங், விளக்கு, பேட்ஜ் எல்லாம் இருக்கிற கார் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்கும் வீட்டுக்கும் அலைந்தே பாதிப் பணம் போய்விடும்.

தோல் ஊரிலேயே இருக்கிறேன். பத்மினிக்கு லெதர் சீட் போடலாமா?
– வாசகர், ஆம்பூர்

போடலாம், ஆனால் பத்மினிக்குக் கம்பெனியில் போட்டது ரெக்சின்தான். ஷூவுக்குப் பதப்படுத்திய தோல் வெயிலில் நிற்கும் காருக்கு ஒத்துவராது; நிறம் வெளுத்து மேல்பூச்சு வெடிக்கும். ஆட்டுத்தோல் அளவில் சிறியது, சீட்டில் தையல் மேல் தையலாக வரும். வெயில் தாங்கும் பூச்சுள்ள மாட்டுத்தோல் என்று கேட்டு வாங்குங்கள். எது போட்டாலும் முதலில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் தேங்காய் நார் மெத்தையையும் சரிசெய்யுங்கள்.

அம்பாசடர் ஏலகிரி ஏறும்போது வளைவுகளில் நின்றுவிடுகிறது. அரைமணி ஆறவிட்டால் ஓடுகிறது.
– வாசகர், காட்பாடி

நின்ற உடனே ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் சூட்டில் படுக்கும் காயிலோ கண்டன்சரோதான். ஸ்பார்க் நன்றாக இருந்தால், பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். உடனே ஓடினால் வேப்பர் லாக்: பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இது அதிகம். குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டி, கார்புரேட்டர் அடியில் சூட்டைத் தடுக்கும் பேக்கலைட் ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறிக் கரையும். தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் வைத்தால் 2 – 3 பிஎஸ்ஐ பிரஷர் போதும். கூடினால் கார்புரேட்டர் வழியும்.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? பாலாற்றுப் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே பொருக்குத் தட்டும். டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் போதும்.

ஐம்பது வருஷம் தாண்டிய காருக்கு விண்டேஜ் பதிவு அவசியமா?
– வாசகர், ராணிப்பேட்டை

தினமும் ஓட்டும் எண்ணம் இருந்தால் வேண்டாம். 2021 மத்திய மோட்டார் வாகன விதிப்படி, 50 ஆண்டு கடந்து, அசல் வடிவத்தில் இருக்கும் வண்டிக்கே இது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்தால் 'விஏ' வரிசை. பிறகு கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாடகைக்கு விட முடியாது. வண்டி அப்பா, தாத்தா பெயரில் இருந்தால் ஆர்.சி. பெயர் மாற்றத்தை மட்டும் முதலில் முடியுங்கள். வாரிசுச் சான்றில் சிக்கல் இருந்தால் பெயின்ட் அடித்து என்ன பயன்?

என் கணவர் அம்பாசடருக்குக் கொட்டும் பணம், விற்றால் திரும்புமா?
– வாசகி, சத்துவாச்சாரி

திரும்பாதம்மா. ஆனால் செலவைக் கட்டுக்குள் வைக்கலாம். மொத்தக் காரையும் ஒரே நேரத்தில் பிரிக்க விடாதீர்கள். பாதியில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவை அப்படி நின்றவை. பிரேக், என்ஜின், பாடி என்று ஒவ்வொன்றாக முடிக்கச் சொல்லுங்கள். கூலியை வேலைக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கட்டும், நாள் கணக்கு வேண்டாம். கழற்றிய பீடிங், விளக்கு, பேட்ஜ் எல்லாம் பட்டறையில் கிடந்தால் தொலையும். பெயர் எழுதிய பையில் போட்டு வீட்டுக்கு வரட்டும். பரணில் கொஞ்சம் இடம் கொடுங்கள்.