யாரா பள்ளத்தாக்கு: ஒரே நாளில் ஐந்து தோட்டங்கள் வேண்டாம்

தம்பி, மெல்பர்னில் வாடகைக் கார் எடுத்து, சைவரான மாமனாரோடு ஒரே நாளில் அருகிலுள்ள யாரா பள்ளத்தாக்கின் ஐந்து ஒயின் தோட்டங்களைப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்களைப் போல மலேசியாவின் சுங்கை சிப்புட் ஆள்தான். இரண்டு போதும், மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும்.

காலையில் ஷாண்டோன் தோட்டத்தில் நுரைக்கும் ஒயினோடு தொடங்குங்கள். பிறகு யெரிங் ஸ்டேஷன் என்னும் தோட்டம். விக்டோரியா மாநிலத்தின் முதல் திராட்சைக் கொடிகள் 1838-இல் அங்கேதான் நடப்பட்டன. பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினைக் கேட்டு வாங்கி, கிண்ணத்தை வெள்ளைத் தாள்மேல் சாய்த்துப் பாருங்கள்: ரோஜா சிராப் தண்ணீர் போல வெளிர்ச்சிவப்பு, அடியில் விரல் தெரியும். நிறத்தை வைத்து எடைபோடாதீர்கள், மணம் ஆளையே அசத்திவிடும்.

மாமனார் விஷயம்தான் முக்கியம். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெண்கருவோ மீன் பசையோ சேர்ப்பதுண்டு. பல பாலாடைக்கட்டிகளில் பாலை உறைய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் இருக்கும். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் இதெல்லாம் அவர்கள் நினைவுக்கு வராது. ஒயினிலும் பாலாடைக்கட்டியிலும் இவை உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மதிய உணவுக்கு முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்.

கார் ஓட்டுபவர், ருசித்த ஒயினை விழுங்காமல் துப்ப வைத்திருக்கும் கிண்ணத்தைத் தயங்காமல் பயன்படுத்தட்டும். அங்கே ஓட்டுநருக்கான இரத்த ஆல்கஹால் எல்லை 0.05 சதவீதம், 2020 முதல் நம் மலேசியாவிலும் அதே அளவுதான். ஓட்டுநரோடு வேன் எடுத்தால் இன்னும் நிம்மதி.

திரும்பும்போது மதுவுக்கான வரிவிலக்கு ஆளுக்கு மொத்தம் 1 லிட்டர்தான், அதாவது ஒரு போத்தல்.