தீவனத் தட்டுக்குக் காகமும் புறாவும் மட்டும் வந்தால்

தக்கலையில் மொட்டைமாடித் தட்டில் சூரியகாந்தி விதை வைத்தும் காகமும் புறாவும் மட்டுமே வருகின்றன, சின்னப் பறவைகளும் சின்னானும் (கொண்டைக்குருவி) வர என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சூரியகாந்தி விதையை நிறுத்திவிட்டுத் தினை போடுங்கள். கூடவே, மொட்டைமாடிச் சுவரில் வைத்திருக்கும் அகலத் தட்டையும் எடுத்துவிடுங்கள். காகமும் புறாவும் மட்டுமே வருவதற்குப் பெரும்பாலும் அந்தத் தட்டுதான் காரணம். பெரிய பறவை வசதியாக நின்று தின்னும் இடத்துக்குச் சில்லையும் (தானியம் தின்னும் சின்னப் பறவை) சிட்டுக்குருவியும் துணிந்து வராது.

ஒன்றரை அங்குலக் கண்ணி உள்ள கம்பிவலையைக் கூடுபோல் வளைத்து, உள்ளே சின்னக் கிண்ணத்தில் தினை வைத்துத் தொங்கவிடுங்கள். சின்னப் பறவை நுழையும், புறா நுழையாது. அணிலை இது தடுக்காது. அதனால் தென்னையை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். பக்கத்தில் செம்பருத்தியோ இட்லிப்பூச் செடியோ இருந்தால் ரொம்ப நல்லது. பயந்தால் ஒளிய இடம், தேன்சிட்டுக்குத் தேனும் ஆச்சு.

யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மீதியைப் பாருங்கள். உமி கிடந்தால் சில்லையோ குருவியோ வந்திருக்கிறது. உமியே இல்லாமல் தானியம் காலியென்றால் புறா. அது முழுசாக விழுங்கிவிடும்.

நீங்கள் கேட்ட சின்னானுக்குத் தானியம் வேண்டாம், பழம்தான் பிடிக்கும். கனிந்த மட்டி வாழைப்பழத்தைப் பாதியாக வெட்டி, கிளையில் குத்தி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கன்னியாகுமரி மாவட்டத்தில், உங்கள் தக்கலைப் பக்கம் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. நனைந்த தினையில் பூஞ்சை பிடித்தால் பறவைக்கு நோய் வரும். ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் போடுங்கள், கிண்ணத்தைக் கழுவிக் காயவையுங்கள். மழை நாளில் வைக்காமலே விட்டாலும் சரி.